ஆடிக்காற்றில் 200 கிலோமீட்டர்: கிருஷ்ணகிரி, தருமபுரி சாலைகளில் பத்து வாரப் பயிற்சி

வைகாசி பாதியில் காற்று எழும்பியதும் எங்களோடு சைக்கிள் ஓட்டுபவர்களில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். மீதிப் பேரில் புதியவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். காற்றில்லாத நாளில் பிடித்த வேகத்தை எதிர்காற்றிலும் பிடிக்கப் பார்ப்பார்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் கால் செத்துப்போகும். அப்புறம் குட்டியானை பிடித்து வீடு. நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான்.

காற்றில்லாத காலையில் 50 கி.மீ. ஓட்டி முடித்து மறுநாள் வேலைக்கும் போக முடிகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. மே முதல் வாரம் தொடங்கினால் ஜூலை நடுவில், ஆடி பிறக்கும்போது, 200 கி.மீ. ஓட்டத் தயாராகலாம். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். தூரம் கூட்டுவது எட்டாவது படியில்தான் வருகிறது. பெரும்பாலோர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1. முதலில் ஒரு கணக்கு

காற்றின் தடை, நம்மேல் மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் உடம்பில் மோதுவது 40. தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்.

சமதரையில், காற்றில்லாமல், மணிக்கு 25 கி.மீ. ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்வோம். அதே உழைப்பில், அவர் உடம்பின் உயரத்தில் 20 கி.மீ. எதிர்காற்று வீசினால் வேகம் சுமார் 15-க்கு இறங்கும். அதே காற்று முதுகில் தள்ளினால் 37 வரை போகும். சரி, போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. 50 கி.மீ. போக 3 மணி 20 நிமிடம், திரும்ப 1 மணி 20 நிமிடம். மொத்தம் 4 மணி 40 நிமிடம். காற்றில்லாத நாளில் 4 மணி நேரம் போதும். மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது என்பதால் நஷ்டம் எப்போதும் நம் பக்கம்தான்.

இந்தக் கணக்கை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எதிர்காற்றில் 15 காட்டினால் நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. காட்ட வேண்டியதே அவ்வளவுதான். இதை நம்பாதவர்கள்தான் 20-ஐப் பிடிக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

2. இரண்டு வாரம் காற்றைப் படியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்குக்கு மாறும். ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் இடிமழைக்கு முன்னால் எழும் காற்றுக்கு மட்டும் திசையே கிடையாது. மேகம் எங்கே கவிழ்கிறதோ அங்கிருந்து வெளியே தள்ளும். அதில் ஓட்டிப் பழக வேண்டியதில்லை, ஒதுங்கப் பழகினால் போதும்.

ஒரு நாளுக்குள்ளேயும் காற்று மாறும். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று கனத்துப் படுத்துக்கொள்ளும். வேகக்காற்று அதற்கு மேலேதான் ஓடும். வெயில் ஏறித் தரை சுட்டதும் மேலும் கீழும் கலந்து, மேலே ஓடியது கீழே இறங்கும். அதனால்தான் காலை ஐந்தரைக்குச் சாதுவாக இருந்த சாலை ஒன்பது மணிக்கு முறைக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை உச்சம். ஆடியில் சில நாள் விடியற்காலையிலும் அடங்காது.

புதியவர்கள் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. தினமும் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டால் பத்து வாரமும் நீங்கள் காற்றையே பார்க்கவில்லை. வாரத்தில் ஒரு ஓட்டமாவது காலை ஒன்பதுக்கு மேல் தொடங்க வேண்டும்.

வானிலை ஆப்பில் மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். 'தென்மேற்குக் காற்று' என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. ஆனால் படத்தில் அம்புக்குறி அது போகும் திசையைக் காட்டும். அடுத்தது அலகு. 10 என்று இருப்பது நாட் கணக்கானால் மணிக்கு 18.5 கி.மீ., வினாடிக்கு மீட்டர் கணக்கானால் 36 கி.மீ. செட்டிங்கில் கி.மீ.க்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவது, அந்த எண் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. சைக்கிள் உயரத்தில், அதுவும் மரமும் வீடும் உள்ள இடத்தில், அதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் சராசரியைவிட 'கஸ்ட்' என்று தனியே போட்டிருக்கும் திடீர் வீச்சின் எண்ணைப் பாருங்கள். ஆளைத் தள்ளுவது அதுதான்.

கண்ணால் அளக்கவும் பழகுங்கள். இலை மட்டும் சலசலத்தால் 6 முதல் 11 கி.மீ. கொடித்துணி நீட்டிக்கொண்டு பறந்தால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. சின்ன மரம் முழுதாக ஆடினால் 29 முதல் 38. மின்கம்பி ஊளையிட்டால் 39-க்கு மேல். அன்று வீட்டில் வேறு வேலை பாருங்கள்.

இரண்டு வாரத்துக்குச் சின்ன நோட்டில் நேரம், திசை, ஆப் சொன்னது, கண்ணில் பட்டது என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். பத்து நாளில் செங்கல் சூளைப் புகையைப் பார்த்தே திசை சொல்ல வந்துவிடும்.

3. வண்டியில் மாற்ற வேண்டியவை

பெரிய செலவு வேண்டாம். வரிசை: கியர், டயர், பை, சட்டை.

கியர் முதலில், ஏனென்றால் எதிர்காற்றில் 12 கி.மீ. வேகத்திலும் பெடல் நிமிடத்துக்கு 80 சுற்று சுற்ற வேண்டும். முன்னால் 50/34 பல், பின்னால் 11–32 அல்லது 11–34 பல் இருந்தால் போதும். கியர் இல்லாமல் கனமாக மிதித்தால் முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். அந்த வலி வந்தால் இரண்டு வாரம் போச்சு.

டயரில் கல் மாதிரி காற்றடிக்காதீர்கள். 70 கிலோ ஆள், 28 மி.மீ. டயர் என்றால் 75 முதல் 80 பிஎஸ்ஐ போதும். ரொம்ப இறுகிய டயர் சின்னக் குழியிலும் எகிறும். எகிறுகிற அந்த நொடியில் பக்கக்காற்று அடித்தால் சக்கரம் நகர்ந்துவிடும். மலையேற்ற சைக்கிள் வைத்திருப்பவர்கள் கட்டை டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பானதைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் உயரமான ரிம் வேண்டாம், பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

ஹேண்டில்பாரில் தொங்கும் பெரிய பையை சீட்டுக்குப் பின்னால் மாற்றுங்கள். முன்னால் இருந்தால் ஒவ்வொரு வீச்சும் ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். படபடக்கும் மழைக்கோட்டும் தொளதொள டீ-ஷர்ட்டும் காற்றோடு சேர்ந்துகொண்டு பிரேக் போடும். புழுதிக்குக் கண்ணாடி அவசியம். ஹெல்மெட், பின்விளக்கு, ஹேண்டிலில் பின்னால் பார்க்கச் சின்னக் கண்ணாடி இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

4. உட்காரப் பழகுங்கள்

சமதரையில் காற்று மோதும் மொத்தத் தடையில் முக்கால்வாசி உங்கள் உடம்புதான், சைக்கிள் இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து லேசான சக்கரம் வாங்குவதைவிட முழங்கையை மடக்குவது லாபம்.

வளைந்த ஹேண்டில்பார் என்றால் கை பிரேக் மூடிமேல் இருக்கட்டும், முழங்கை மடங்கி முன்கை தரைக்கு இணையாக வரட்டும். தோள் காதுப் பக்கம் ஏறக்கூடாது. நேர் ஹேண்டில்பார் என்றால் முழங்கையை உள்ளே இழுத்து இடுப்பிலிருந்து குனியுங்கள். கையை நடுவுக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பது, சாலை காலியாக, காற்று நேராக முகத்தில் அடிக்கும்போது மட்டும். அங்கிருந்து பிரேக் எட்டாது.

முதல் வாரம் ஐந்து நிமிடம் குனிந்து, இரண்டு நிமிடம் நிமிர்ந்து. வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கழுத்தும் இடுப்பும் பழக, கால்களைவிட அதிக நேரம் பிடிக்கும். வாரம் இரு நாள் வீட்டில் பதினைந்து நிமிடம் பிளாங்க், முதுகுக்கான பயிற்சி செய்யுங்கள்.

குனியச் சொன்னால் பலர் தலையையும் தொங்கப்போட்டு முன்சக்கரத்தையே பார்ப்பார்கள். நம் ஊர்களின் வாசலில் பெயிண்ட் அழிந்துபோன வேகத்தடை காத்திருக்கும். பார்வை எப்போதும் இருபது மீட்டர் முன்னால்.

5. வேகத்தை மறந்து மூச்சைப் பார்த்து ஓட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன். மூன்று வாரம்.

இடம்: கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை சாலை. ஏறக்குறைய நேர் மேற்கு, மொத்தத்தில் ஏற்றம். ஜூன் மாதக் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஏற்றமும் எதிர்காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து வீட்டில் சேர்க்கும். பயிற்சிக் காலத்தில் எப்போதும் எதிர்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்புங்கள். களைத்த பிறகு காற்று உதவியாக இருக்க வேண்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் பத்து மணிக்கு பர்கூர் பக்கம் கிளம்பினேன். வண்டி தானாகப் பறந்தது. 34, 36 என்று காட்டியது. நம் பயிற்சி பலித்துவிட்டது என்று நினைத்து நாட்றம்பள்ளி வரை போய்விட்டேன். காதில் காற்றுச் சத்தமே இல்லை. அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிய நொடியில் தொப்பி பறந்துபோய் பின்னால் நின்ற லாரிக்கு அடியில் விழுந்தது. வீடு வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது.

பயிற்சி இப்படி. வேகம் காட்டும் திரையை ஒரு துண்டு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அளவுகோல் பேச்சுதான். முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிந்தால் அது நாள் முழுக்கத் தாங்கும் உழைப்பு. மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது பயிற்சிக்கு மட்டுமான உழைப்பு. பேசவே முடியாவிட்டால் தப்பு.

முதல் வாரம் ராயக்கோட்டை வரை முழு வாக்கிய அளவிலேயே போங்கள், எவ்வளவு மெதுவானாலும் சரி. தக்காளி ஏற்றிய டிவிஎஸ் எக்ஸெல் தாண்டிப் போகும், போகட்டும். இரண்டாம் வாரம் நடுவில் பத்து நிமிடம் மூன்று சொல் அளவில், ஐந்து நிமிடம் இளைப்பாறி, இதை மூன்று முறை. மூன்றாம் வாரம் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள். பெடல் சுற்று 80-க்குக் கீழே இறங்கினால் உடனே ஒரு கியர் குறையுங்கள்.

திடீரென்று வீச்சு வந்தால் எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். எழுந்தால் மார்பு முழுவதும் காற்றுக்குக் காட்டுகிறீர்கள். உட்கார்ந்தே கியரைக் குறைத்து வேகத்தை விட்டுக்கொடுங்கள். வீச்சு இருபது முப்பது நொடியில் போய்விடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமான பழக்கம். புளியமர வரிசையோ குன்றின் மறைவோ வந்து காற்று சற்று அடங்கியதும், இழந்த நேரத்தைப் பிடிக்க விரட்டுவார்கள். இளைப்பாறுவதற்கென்று சாலை கொடுத்த இடம் அது. அங்கே தண்ணீர் குடியுங்கள், தோளைத் தளர்த்துங்கள். ஐந்து முறை விரட்டினால் ஆறாவது திருப்பத்தில் கால் நிற்கும்.

பழகியவர்கள் எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாகவும் பின்காற்றில் கொஞ்சம் குறைவாகவும் உழைப்பார்கள். மெதுவான பாதியில் மிச்சப்படுத்தும் நேரம்தான் பெரிது என்பதால் அது சரிதான். முதல் சீசனில் உங்களுக்கு அது வேண்டாம்.

6. பக்கக்காற்றும் லாரியும்

எதிர்காற்று களைப்பைத் தரும், பக்கக்காற்று ஆளைக் கீழே தள்ளும். அதனால் ஐந்தாவது படி கைவந்த பிறகே இதற்கு வாருங்கள். களைத்த கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் உடம்பில் படும் ஒவ்வொரு தள்ளலும் நேராகச் சக்கரத்துக்குப் போகும்.

பிடி தளர்ந்திருக்கட்டும், முழங்கை மடங்கியிருக்கட்டும். முழங்கால் சைக்கிளின் மேல்குழாயை ஒட்டியே வரட்டும். மிதிப்பதை நிறுத்தாதீர்கள், மிதிக்கும் கால் வண்டியை நிலையாக வைக்கும். காற்று வரும் பக்கம் வண்டி தானாகக் கொஞ்சம் சாயும், சாயட்டும்.

இனி கிருஷ்ணகிரி – தருமபுரி நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாகத் தெற்கே போகிறீர்கள். ஆடிக்காற்று வலது முன்பக்கத்திலிருந்து வருகிறது. அதைத் தாங்க நீங்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். உங்கள் வலப்பக்கமாக ஒரு கன்டெய்னர் லாரி கடக்கிறது. முதலில் அதன் மூக்கு தள்ளும் காற்று உங்களை இடப்பக்கம் ஒதுக்கும். அடுத்த நொடி லாரியின் உடம்பு காற்றை முழுக்க மறைத்துவிடும். சாய்ந்திருந்த நீங்கள் தாங்க ஆளில்லாமல் லாரிப் பக்கமே இழுபடுவீர்கள். லாரி போனதும் அடைபட்ட காற்று மொத்தமாக வந்து மறுபடி இடப்பக்கம் அறையும். எல்லாம் மூன்று நொடிக்குள்.

செய்ய வேண்டியது: கண்ணாடியில் லாரி தெரிந்ததும் வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது இடப்பக்கம் தள்ளி வந்துவிடுங்கள். அது நெருங்கும்போதே சாய்வைக் குறைத்து நிமிருங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் சர்வீஸ் ரோடுதான், எதிரே வரும் பைக்குகளைப் பார்த்துக்கொண்டு.

திரும்பி வடக்கே வரும்போது காற்று இடது பின்பக்கம். இப்போது ஒவ்வொரு வீச்சும் உங்களை வண்டிகள் ஓடும் பக்கம் தள்ளும். பின்காற்றுதானே என்று எல்லோரும் அசட்டையாக இருப்பது இந்தப் பாதியில்தான். மறைப்பு முடிகிற இடங்களை முன்கூட்டியே பாருங்கள். மேம்பாலம் ஏறும் இடம், ஆற்றுப் பாலம், தென்னந்தோப்பு முடிந்து வயல் திறக்கும் இடம், குன்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இங்கெல்லாம் காற்று கதவைத் திறந்துகொண்டு வரும். தென்பெண்ணைப் பாலத்தில் முதல் முறை போகும்போது 20 கி.மீ.க்கு மேல் வேண்டாம்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். விபத்துக்குப் பேர்போன இடம். லாரிகளும் வளைவும் இறக்கமும் ஒன்றாக இருக்கும் சாலையில் பக்கக்காற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

7. சேர்ந்து ஓட்டுவது

முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை கால்வாசிக்கும் மேல் குறையும். மூன்று பேர் அல்லது நான்கு பேர் நல்ல கணக்கு. தனியாக 15-இல் தவிப்பவர் கூட்டத்தில் 18-இல் சும்மா வருவார்.

முதலில் முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீள இடைவெளி. இரண்டு வாரம் கழித்து அரை நீளம். அதைவிட நெருங்க வேண்டாம். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான்.

காற்று வலது முன்பக்கம் என்றால் மறைவு இடது பின்பக்கம். ஒரு கை அகலம் இடப்பக்கம் தள்ளி வாருங்கள். அவ்வளவுதான். வெளிநாட்டுப் பந்தய வீடியோ பார்த்துவிட்டு விசிறி மாதிரி சாலையை அடைத்துக்கொண்டு போவது நம் ஊரில் நடக்காது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி வண்டிகள் ஓடும் பக்கம் ஒருவரும் வரக்கூடாது.

முன்னால் இருப்பவர் இரண்டு மூன்று நிமிடத்தில் மாற வேண்டும். மாறும் முன் கையைக் காட்ட வேண்டும், பின்னால் உள்ளவர்கள் நேர்கோட்டுக்கு வர வேண்டும், அப்புறம்தான் முன்னவர் இடப்பக்கம் ஒதுங்கிப் பின்னால் போக வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் லாரிக்கு நேராகப் போவீர்கள்.

தப்பு எங்கே நடக்கும் என்றால், தன் முறை வந்ததும் புதிய ஆள் வீரம் காட்டுவார். போன வருடம் பாலக்கோடு சாலையில் ஒரு தம்பி முன்னால் வந்ததும் 17-இலிருந்து 23-க்குப் போய்விட்டான். திரும்பிப் பார்த்தால் எங்களில் யாரும் இல்லை. அடுத்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, நீங்க எல்லாரும் ஏன் ஸ்லோ பண்ணீங்க?" என்றான். நாங்கள் அதே 17-இல்தான் வந்தோம். பலமுள்ளவர் முன்னால் அதிக நேரம் இருக்கலாம், அதிக வேகம் போகக்கூடாது.

8. தூரத்தை மணிக்கணக்கில் கூட்டுங்கள்

எதிர்காற்றில் 60 கி.மீ. ஓட்டியது காற்றில்லாத 90-க்குச் சமமாக உடம்பை வாங்கும். அதனால் கிலோமீட்டர் இலக்கு வைக்காதீர்கள், நேரத்தை வையுங்கள். வாரம் நான்கு ஓட்டம்: இரண்டு சின்னது, ஐந்தாவது படியின் காற்றுப் பயிற்சி ஒன்று, நீண்டது ஒன்று.

நீண்ட ஓட்டம் முதல் இரண்டு வாரம் மூன்று மணி நேரம். மூன்று, நான்காம் வாரம் நான்கு மணி நேரம். ஐந்தாவது வாரம் மூன்றுக்கு இறக்குங்கள். உடம்பு கட்டப்படுவது ஓய்வில்தான், இந்த வாரத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்கு ஏழாவது வாரத்தில் சளியோ முழங்கால் வலியோ வரும். ஆறாவது வாரம் ஐந்து மணி நேரம், ஏழாவது ஆறு, எட்டாவது ஏழு, ஒன்பதாவது எட்டு. பத்தாவது வாரம் சின்ன ஓட்டம் இரண்டு மட்டும்.

ஏழாவது வாரத்திலிருந்து இந்த வட்டத்தைப் போடுங்கள்: கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், மறுபடி கிருஷ்ணகிரி. ஏறத்தாழ 125 கி.மீ. ராயக்கோட்டை வரை மேற்கே, முகத்தில் காற்று. பாலக்கோடு வரை தெற்கே, வலது முன்பக்கம். அங்கிருந்து தருமபுரி தென்கிழக்கே, முழுப் பக்கக்காற்று. கடைசியில் வடக்கே, இடது முதுகில். நான்கு காற்றும் ஒரே நாளில், அதுவும் கஷ்டமானது முதலில். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த இரண்டு மாவட்டத்தில் எனக்குத் தெரியாது.

9. தண்ணீரும் சாப்பாடும்

எதிர்காற்றில் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக் குடிக்க மாட்டார்கள். பின்காற்றில் நேர்மாறு: காற்றும் நீங்களும் சேர்ந்தே போவதால் உடம்பில் காற்றே படாது, சூடு ஏறும். இரண்டிலும் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஓஆர்எஸ் கரைசல்.

பக்கக்காற்றில் ஒரு கையை விட்டுப் பாட்டில் எடுக்க முடியாது. அதனால் தாகம் எடுக்கும்போது என்று விட்டுவிடாமல், மறைவான இடம் வரும்போதெல்லாம் குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் நேரக் கணக்குதான், தூரக் கணக்கு இல்லை. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வரை இருக்கும். இரண்டு பழம், அல்லது ஒரு பழமும் கடலை மிட்டாயும். '30 கி.மீ.க்கு ஒரு பழம்' என்று வீட்டிலிருந்தே திட்டம் போட்டு வருபவர்கள் எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் பட்டினி கிடப்பார்கள். கிளம்பும் முன் ராகிக் கஞ்சி நல்லது. களி வேண்டாம், குனிந்து ஓட்டும்போது வயிற்றில் கல்லாக உட்காரும். திரும்பி வந்து கீரைக் கடைசலோடு சாப்பிடுங்கள்.

10. 200 கி.மீ. நாள்

பிரெவே என்று நடத்தும் 200 கி.மீ. ஓட்டத்துக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். நிற்கும் நேரமும் அதற்குள்தான். முதல் படியின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். காற்றில்லாமல் 25 ஓட்டுகிறவர், பாதித் தூரம் 20 கி.மீ. எதிர்காற்று, பாதி பின்காற்று என்றால் சுமார் 9 மணி 20 நிமிடத்தில் முடிப்பார். நான்கு மணி நேரம் கையில் இருக்கும். காற்றில்லாமல் 20 ஓட்டுகிறவர் எதிர்காற்றில் 11-க்கு இறங்கிவிடுவார், மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் மிதித்தே ஆக வேண்டும். சாப்பிட, பஞ்சர் ஒட்ட எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்தான் மிச்சம். ஆகவே காற்றில்லாத காலையில் உங்கள் வேகம் 23-ஐத் தொடாமல் ஆடியில் பெயர் கொடுக்காதீர்கள். மார்கழியில் கொடுங்கள்.

முந்தின இரவு பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் திசையும் காற்றும் எழுதி, எதிர்காற்றுப் பகுதிக்கு 14 அல்லது 15 என்றே நேரம் போடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டை ஹேண்டிலில் ஒட்டிவிடுங்கள். நான்கு மணிக்கோ ஐந்துக்கோ கிளம்பினால் காற்று எழும்புவதற்குள் 60, 70 கி.மீ. கைக்கு வந்துவிடும். எதிர்காற்றுப் பகுதியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு காலையிலேயே தள்ளிவிடுங்கள்.

நிறுத்தும் இடத்தையும் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். களைத்த மூளை 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் சொல்லும். என் விதி: வீச்சு இரண்டு முறை என்னை ஒரு மீட்டருக்கு மேல் நகர்த்தினால் இறங்கிவிடுவேன். கிழக்கிலோ மேற்கிலோ கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் பத்து நிமிடத்தில் கூரைக்கு அடியில் இருப்பேன். மரத்தடி கூரை ஆகாது.

கைவிட வேண்டி வந்தால் கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது என்பதை மறக்காதீர்கள். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் நான்கும் சேலம் – பெங்களூரு ரயில் பாதையில் இருக்கின்றன. ஆனால் வண்டிகள் குறைவு. நம்பகமானது குட்டியானைதான். சந்தைக்குக் காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புபவர்கள் நியாயமான காசுக்கு ஏற்றிக்கொள்வார்கள். பழைய ட்யூப் இரண்டு பையில் இருக்கட்டும். டிரைவர் கொடுக்கும் நைலான் கயிற்றில் கட்டினால் வீடு வருவதற்குள் ஃபிரேமில் பெயிண்டைத் தின்றிருக்கும்.